கையுறை கழற்றி வாங்கிய பூ

சித்திரை 10

அன்பு மகள் ஹேமாவதிக்கு அம்மா குணசுந்தரி எழுதுவது. வீரராகவப் பெருமாள் புண்ணியத்தில் இங்கே அப்பாவும் தங்கை தேவதர்ஷினியும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அதே போல நீயும் மாப்பிள்ளையும் அயர்லாந்துக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்கு இப்போது நாலு பக்கம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ நடுவில் பேசிவிடுவாய், நானும் சொல்ல வந்ததைப் பாதியில் முழுங்கிவிட்டு ரசம் கொதிக்கிறது என்று வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா. அதனால் எழுதி முடித்துத் தேவதர்ஷினியிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லப் போகிறேன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

நவரை அறுப்பு முடிந்தது, நெல் பரவாயில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கத்தான் இருக்கிறது, ஆனாலும் கடம்பத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் தேவதர்ஷினியைக் காலை வண்டிக்கு அவர்தான் கொண்டுபோய் விடுகிறார், சொன்னால் கேட்பதில்லை. அவளுக்கு மணவாள நகர் சம்பந்தம் அமைந்து, கல்யாணம் வைகாசிக் கடைசியில் என்று பேசியிருப்பது உனக்குத் தெரியும். அந்த மாப்பிள்ளையின் அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்து என்ன சமையல் என்று கேட்கிறார். நல்ல மனுஷிதான், ஆனால் பெண் பார்க்க வந்த அன்றைக்கே உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டவர். நான் மாத்திரைதான், கொஞ்சம்தான் என்று சொல்லிவிட்டேன். அங்கே ஆரம்பித்தது எல்லாம்.

நீ போன பிறகு இங்கே குப்பை வாங்குகிற முறையே மாறிவிட்டது என்று முன்னே சொல்லியிருக்கிறேன். ஊராட்சியிலிருந்து வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்தார்கள், பச்சையில் மக்குகிறது, நீலத்தில் மக்காதது. தூய்மைக் காவலர் தமிழ்செல்வி பேட்டரி வண்டியில் தெருத் தெருவாக வருவாள். இருபத்தாறு வயசுதான், கைக்குழந்தைக்காரி, வண்டி மணியை அடித்துக்கொண்டே 'மக்குறது மக்காதது' என்று கத்துகிற குரலில் தூங்குகிறவன் எழுந்துவிடுவான். மகளிர் குழுத் தலைவி என்பதால் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணிடமும் பேசிப் பழக்கியது நான்தான். எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டவர்கள் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை சாமிக்குப் போட்ட பூவைக் குப்பை வண்டியிலா போடுவது என்று கோபித்துக்கொண்டு, பிளாஸ்டிக் கவரோடு ஏரியில் கொண்டுபோய் வீசினார்கள். மதகடியில் கவர் கவராக மிதந்தது. அப்போது நான்தான் ஒரு யோசனை சொன்னேன். வண்டி முன்பக்கம் பூவுக்கென்று தனியாக ஒரு மூங்கில் கூடை மாட்டு, வாங்கும்போது கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் வாங்கு, அவர்கள் மனசு ஆறிவிடும் என்று தமிழ்செல்வியிடம் சொன்னேன். அவளும் அப்படியே செய்தாள். ஒரே மாதத்தில் ஏரிக்குப் பூ போவது நின்றது. குப்பை பிரிக்கிற கொட்டகையில் அந்தப் பூவைத் தனித் தொட்டியில் போட்டு உரமாக்கினார்கள். செயலர் பச்சையப்பன் நம் வீட்டுக் கதவில் 'முன்மாதிரி வீடு' என்று ஒரு பச்சைத் தாள் ஒட்டிவிட்டுப் போனார். எனக்குத் தலை கால் புரியவில்லை போ.

இப்போது கேள். நான் போட்டுக்கொள்கிற இன்சுலின் ஊசியெல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வை, நிரம்பினதும் ஆஸ்பத்திரியில் கொடு என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். டப்பா வைத்தேன், இரண்டு மாதத்தில் நிரம்பியும் போனது. நம் ஊர் சுகாதார நிலையத்துக்கு எடுத்துப் போனால் அங்கே இருக்கிற எல்லோரும் நம் தெருக்காரர்கள், சாயங்காலத்துக்குள் குணசுந்தரி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறாளாம் என்று மணவாள நகர் வரை போய்விடும். நீல வாளியில் போட்டால் தமிழ்செல்வி கண்ணில் படும். அதனால் சாமிப் பூவுக்குள் வைத்து, வாழையிலையில் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். அதை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், அப்படியே தொட்டியில் கொட்டிவிடுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஊருக்கே பாடம் எடுத்தவள், கொட்டகைக்குள் ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. மாலை கட்டின நைலான் நூல் மக்காது என்று தமிழ்செல்வி ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்து நூலை உருவிவிட்டுத்தான் தொட்டியில் போடுவாளாம். சாமிப் பூ என்பதால் அங்கேயும் வெறும் கைதானாம். நான் சொல்லிக் கொடுத்த பழக்கம்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, மூடி கழன்ற ஊசி அவள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். யாருடைய ஊசி என்று தெரிந்தால் அவர்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு விட்டுவிடலாம், தெரியாததால் எய்ட்ஸ் கிருமி தொற்றாமல் இருக்க இருபத்தெட்டு நாள் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்களாம் டாக்டர். இரண்டாவதாக ஒன்று சொன்னார்கள். சில மாதம் கழித்து அவள் ரத்தத்தைப் பார்த்து முடிவு தெரிகிற வரைக்கும் குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டாம். அவள் பெண் காயத்ரிக்கு அப்போது ஏழு மாதம். பீய்ச்சிக் கொட்டிக்கொண்டே இரு, வற்றாது என்று நர்சு சொன்னாராம். அந்த மாத்திரைக்குத் தின்றதெல்லாம் வாந்தி, காலையில் வண்டி, மத்தியானம் கொட்டகை, எங்கே முடியும். இருபது நாளில் பால் நின்றுபோனது. ராத்திரி குழந்தை மார்பைத் தேடி அழுகிறது என்று அவள் புருஷன் அன்புராஜ் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பான். நம் வாசல் வழியாகத்தான் நடப்பான் ஹேமா. நான் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டேன்.

நான் செய்ததில் இன்னும் கேவலம் ஒன்று உண்டு. யாருடைய ஊசி என்று கண்டுபிடிக்கப் பச்சையப்பன் வீடு வீடாகப் போனார். நம் வீட்டில் கேட்கவே இல்லை. 'நீ கூட வாயேம்மா, பொம்பளைங்க உன்கிட்டன்னா சொல்லுவாங்க' என்று என்னையே துணைக்குக் கூப்பிட்டார். போனேனடி. நாற்பது வீட்டுக்கு மேல் போய், ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று என் வாயாலேயே கேட்டேன். பின் தெருவில் காக்களூர் கம்பெனிக்குப் போகிற வடநாட்டுப் பையன்கள் நாலு பேர் வாடகைக்கு இருந்தார்கள். அவர்கள் போதை ஊசி போடுகிறவர்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பச்சையப்பன் கையைக் காட்டச் சொன்னார், நாலு பேரும் சட்டையை மடித்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் இல்லை. ஆனாலும் வீட்டுக்காரர் அந்த வாரமே காலி செய்யச் சொல்லிவிட்டார். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா அன்றைக்கே கேட்டார், 'உன்னுது இல்லியே?' என்று. என்னுடையது டப்பாவில் இருக்கிறது என்றேன். நீயும் போனில் கேட்டாய். உன்னிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன். தண்ணீர் தினத்துக் கிராம சபையில், ஊசி, பிளேடு, நாப்கினுக்கு வீட்டுக்கு ஒரு தனி டப்பா ஊராட்சி கொடுக்க வேண்டும் என்று எழுந்து பேசினதும் நான்தான். தீர்மானம் போட்டார்கள், கை தட்டினார்கள். தமிழ்செல்வியும் தட்டினாள். அமாவாசைக்குத் திருவள்ளூர் போய், அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது பெருமாளே என்று வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தேன். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு சாமியிடம் போய்க் கேட்டேன் பார், எவ்வளவு கொழுப்பு எனக்கு.

போன சனிக்கிழமை வரைக்கும் இப்படியே ஓட்டினேன். அன்றைக்குத் தமிழ்செல்வி எதிர் வீட்டுப் பூவைக் கையுறையோடு வாங்கிக் கூடையில் போட்டாள். நம் வாசலுக்கு வந்ததும் கையுறையைக் கழற்றினாள். ஏன் கழற்றுகிறாய், போட்டுக்கொள் என்றேன். 'இப்பல்லாம் யாரு ஊட்டுப் பூன்னாலும் கையுறை போட்டுக்கினுதான்மா வாங்குறேன். உங்க ஊட்டுது மட்டும் இன்னா பயம் எனக்கு' என்று சிரித்தாள். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. வாசலிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன், அது என் ஊசி, நான்தான் பூவில் வைத்தேன் என்று. அவளுக்கு முதலில் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். திட்டுவாள், கத்திக் கூட்டம் கூட்டுவாள் என்று நினைத்தேன். 'உங்களுக்கு வேற வியாதி எதுவும் இல்லியேம்மா?' என்றுதான் கேட்டாள். இல்லை என்றேன். 'அப்ப நாளிக்கே வந்து டெஸ்டு குடுங்க' என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வீட்டில் மணி அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு பஸ்ஸில் போய் ரத்தம் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது, எனக்கு ஒன்றுமில்லை, அவளுக்கும் இனிப் பயமில்லை, தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்றார்கள் டாக்டர். அந்தத் தாளை நானே அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். படித்துப் பார்த்தாள். அன்புராஜ் வேலைக்குப் போயிருந்தான். என்னை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. குழந்தையை எடுத்து மடியில் போட்டு முந்தானையை விலக்கி மார்பில் வைத்தாள். அது இரண்டு தரம் வாயை வைத்துப் பார்த்தது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அலமாரியில் இருந்த பால் பாட்டிலைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. 'இதுக்கு என்னிய மறந்தே பூட்ச்சிம்மா' என்றாள் தமிழ்செல்வி. எழுந்து போய்ப் பாட்டிலில் பால் கலக்கினாள், நான் வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அப்பாவிடமும் தேவதர்ஷினியிடமும் சொன்னேன். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார், இன்றைக்கு வரைக்கும் என்னோடு பேச்சில்லை. கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டுமே என்றுதான் மறைத்தேன் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'ஊசி போட்டுக்குறத மறைச்சதுக்கு எனக்குக் கோவம் இல்லம்மா. எனக்காகத்தான் மறைச்சேன்னு சொல்றே பாரு, அதுக்குத்தான் கோவம். எம் பேரை இதுல இழுக்காத' என்றாள். அவள் சொன்னது சரிதான். அவள் கல்யாணத்துக்காகப் பாதி என்றால், தலைவி என்கிற பேருக்காகப் பாதி. மாசி மாதம் அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் ஒரு நாள் தலைகுனிவோடு போயிருக்கும். மே ஒன்றாம் தேதி கிராம சபையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடப் போகிறேன். அந்தப் பையன்கள் மேல் விழுந்த பழியும் போகட்டும். அவர்கள் இப்போது எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று அப்பாதான் விசாரிக்கப் போயிருக்கிறார். மணவாள நகர்க்காரர்களுக்கு நாளைக்கே தேவதர்ஷினி சொல்லிவிடுவாளாம், என்னைப் பேச வேண்டாம் என்றுவிட்டாள். சம்பந்தம் நிற்குமோ நிற்காதோ, அது அவர்கள் பாடு.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் கேள். பொய் சொன்னதற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். 'பரவாயில்லம்மா, விடு' என்று மட்டும் சொல்லாதே, அதைக் கேட்க இப்போது எனக்குத் தெம்பில்லை. நீயும் மாப்பிள்ளையும் பதினாறும் பெற்று நிறைவாக வாழப் பெருமாள் துணையிருக்கட்டும். நைட் டூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் தூங்காதே. ஒன்றே ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ பிரசவ வார்டில் வேலை செய்கிறவள், நின்றுபோன பாலைத் திரும்ப ஊற வைக்க வழி உண்டா? உண்டென்றால் என்னிடம் சொல்லாதே, நான் சொன்னால் அவள் எப்படிக் கேட்பாள். தமிழ்செல்வி நம்பரைத் தேவதர்ஷினி கீழே போட்டு அனுப்புவாள். நேராக அவளையே கூப்பிடு. குணசுந்தரி பெண் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசு.

இப்படிக்கு,
உன் அம்மா
கு. குணசுந்தரி