மேடேறாத ரயில்

கோபக்காரிக்கு,

பேரன் இங்கே விட்டுப்போன பொம்மை ரயிலை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதே. சாப்பாட்டு மேசையில் உன் பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று, அங்கே ஒரு மேடு கட்டித் தண்டவாளம் போட்டேன். மேட்டில் எஞ்சின் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றியது. சுலபமாக ஏறட்டுமே என்று தண்டவாளத்தில் எண்ணெய் தடவினேன். சறுக்கிக் கீழே வந்துவிட்டது! துடைத்துவிட்டுப் பெட்டிகளைக் கழற்றினேன். தனி எஞ்சின் ஜம்மென்று ஏறியது. ஆனால் அது மேலே தனியாகப் போய் நின்றது எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டிகளை மறுபடி மாட்டி, எஞ்சின்மேல் ஒரு ஈயக்கட்டியை ஒட்டினேன். கனம் கூடியதும் சக்கரம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டது. மொத்த ரயிலும் ஏறியது. கைதட்டிவிட்டுத் திரும்பினேன், வீட்டில் யாருமில்லை.

"ஆரம்பிச்சுட்டீங்களா பாடத்தை?" என்பாய். கால் முடங்கியதும், "உங்களுக்குப் பாரமா இருக்க மாட்டேன்" என்று மகள் வீட்டுக்குப் போனாயே, அதற்கு என் பதில் அந்த ஈயக்கட்டிதான்.

வாசற்படியில் சாய்வுப் பலகை போட்டாயிற்று. சக்கர நாற்காலியில் அரிசி மூட்டையை உட்காரவைத்துத் தள்ளிப் பார்த்தேன். மூட்டை ஒரு குறையும் சொல்லவில்லை. நீ வந்து சொல். ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போக வருகிறேன்.

உன் வாத்தியார்