படித்துவிட்டேன் என்றேன்

மறுபடி மழை பிடித்துக்கொண்டது. நேற்று காலையில் தையல் கடையைத் திறந்து அலமாரியைத் துடைத்தபோது கீழ்த்தட்டுப் புத்தகங்கள் மட்டும் கையில் பிசுபிசுத்தன. மேல்தட்டில் இருப்பவை நன்றாகத்தான் இருந்தன. கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன், ஒழுகவில்லை. பிறகுதான் விளங்கியது. கீழ்த்தட்டு முழுக்க உன் புத்தகங்கள். உப்பளத்துக்குக் கொண்டுபோய், உப்பு வாரிய கையோடு நீ புரட்டியவை. ஈரக்காற்று வந்ததும் அந்த உப்பெல்லாம் நமுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத்தின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. நாற்பத்தெட்டு வயதுப் பொம்பளை புத்தகத்தை நக்கிக்கொண்டு நிற்கிறாளே என்று வாசலில் ஜாக்கெட் துணியோடு வந்து நின்றவள் நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும். அவளை அனுப்பிவிட்டுக் கதவை ஒருக்களித்துக்கொண்டு அழுதேன்.

நீ முதன்முதலில் என் கடைக்கு வந்ததும் ஜாக்கெட் தைக்கத்தான். உன் மகள் ரேவதி அப்போது கைக்குழந்தை. அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால், தூக்கின கையாலேயே மிஷின்மேல் கவிழ்த்து வைத்திருந்த நாவலைக் காட்டினாய்.

“இன்னா புக்கு அது?”

“லைப்ரரி புக்கு. இன்னும் முடிக்கல.”

“ஜாக்கெட்ட மெதுவா தைச்சுக்கோ. அத சீக்கிரம் முடி. நாளைக்கு வர்றேன்.”

சொன்னபடி மறுநாள் வந்தாய். ஜாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ எட்டாவது பாஸ், நான் பத்தாவது ஃபெயில். இதைப் படி, அதைப் படி என்று நமக்கு எடுத்துச் சொல்ல ஆள் கிடையாது. கிளை நூலகத்தில் போய் அட்டையைப் பார்த்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்த்து, பிடித்தால் எடுத்துக்கொண்டு வருவோம். ஆளுக்கொரு புத்தகம், படித்ததும் மாற்றிக்கொள்வது. மரக்காணத்தில் பொம்பளைகள் இரண்டு பேர் கூடி நின்றால் சீட்டு, சீரியல், மாமியார் என்று ஏதாவது இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாம் ஒரு கதையில் வருகிறவனைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

தை பிறந்ததும் உனக்கு அளத்து வேலை தொடங்கிவிடும். சோத்து வேளையில் உப்பு அம்பாரத்தின் நிழலில் உட்கார்ந்து, கூட வேலை செய்கிறவர்களுக்குப் பத்துப் பக்கம் சத்தமாகப் படித்துக் காட்டுவாய். சரியான இடம் வந்ததும் மூடிவிடுவாய். “அப்புறம் இன்னாச்சு, சொல்லிட்டுப் போக்கா” என்று அஞ்சலை கெஞ்சுவாளாம். நீ மசியவே மாட்டாயாம். “எழுத்துக் கூட்டத் தெரியுமில்ல? படிச்சுக்கோ!” கல்யாணப் பத்திரிகைக்கு மேல் எதுவும் படித்திராத அஞ்சலை, அப்படி நான்கு மாதத்தில் ஒரு முழு நாவலை முடித்தாள். முடித்த அன்று அளத்தில் எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாள்.

கதையைச் சொல்லக் கூடாது என்பது உன் சட்டம். “கதையச் சொல்லிட்டுப் புக்க குடுக்கறது, சாப்ட தட்டுல சோறு போடற மாதிரி” என்பாய். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது நீ கேட்பது ஒரே ஒரு கேள்வி: “எங்க நிறுத்தின?” தூக்கம் வந்து நிறுத்திய இடத்தைக் கேட்கவில்லை. மேற்கொண்டு படிக்க மாட்டாமல் மூடி வைத்து, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தோமே, அந்த இடம். இருவரும் ஒரே பக்கத்தைச் சொல்லிவிட்டால் உனக்குத் தலைகால் புரியாது. வேறு வேறு பக்கம் என்றால் சண்டைதான். ஒரு நாவலின் முடிவுக்காக என்னோடு முறைத்துக்கொண்டு, பிரம்மதேசம் வரைக்கும் போய் வேறு டெய்லரிடம் ஜாக்கெட் தைத்துக்கொண்டு வந்தாயே! அக்குளில் பிடித்தது. பத்தாம் நாள் அதை என்னிடமே பிரித்துத் தைக்கக் கொண்டுவந்தாய். அப்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மழைக்காலம்தான் உனக்குப் புத்தக சீசன். பாத்தியெல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும், வேலை இருக்காது. வாரத்துக்கு மூன்று புத்தகம் ஓடும். போன வருஷ மழையில் ஒன்றுகூட ஓடவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நின்றால், “எந்த பஸ்ஸு வருது, பாரேன்? போர்ட சின்னச் சின்னதா எழுதுறானுங்க” என்பாய். நானும் போர்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு மேலே பேச்சைத் தொடர்வேன். நூலகத்துக்குப் போகலாமா என்றால் முட்டி வலி என்றாய். இருபத்தைந்து வருஷமாக ஆளைப் பார்த்தே அளவைச் சொல்கிறவள் நான். உன் கண்ணைப் பார்க்கத் தெரியவில்லை.

தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தோடு வந்தாய். பாண்டிச்சேரியில் வேலைக்குச் சேர்ந்த ரேவதி, முதல் சம்பளத்தில் உனக்கு வாங்கித் தந்தது. புது வாசனை போகாத புத்தகம்.

“இத நீ படி. படிச்சுட்டு எனக்குக் கதையச் சொல்லணும். மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும்.”

“ஏண்டி, உன் சட்டம் இன்னா ஆச்சு? வயசாயிடுச்சா, படிச்சத மறந்துட்டியா?”

“ஆமா, மறந்துட்டேன். நீ சொல்லு.”

சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்போது என் தலைக்கு மேல் தீபாவளித் துணி. மூலையில் ஜாக்கெட் மூட்டை, வாசலில் எப்போ தருவே, எப்போ தருவே என்று கூட்டம். பச்சைப் புத்தகத்தின் மேல் கத்தரிக்கோலை வைத்தேன், அதன்மேல் நூல்கண்டு டப்பாவை வைத்தேன். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

தீபாவளி கழிந்து நான்காம் நாள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாய்.

“படிச்சியா?”

“படிச்சுட்டேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். படிக்கவில்லை என்றிருந்தால் இரண்டு திட்டு திட்டியிருப்பாய், அவ்வளவுதான். அத்தனை வருஷப் பழக்கத்தில் உன் புத்தகத்தைத் தொடாமல் வைத்திருந்த கூச்சம். அதை மறைக்க வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அப்ப சொல்லு.”

“உனக்குத் தெரியாத கதையா? குடுத்ததே நீதான.”

நான் எடுத்து நீட்டிய புத்தகத்தை நீ மடியில் வைத்து அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாய். “எங்க நிறுத்தின?” என்றாய்.

“நிறுத்தவே இல்ல. ஒரே மூச்சுல முடிச்சேன். சூப்பர் புக்கு.”

“சரி” என்றாய். புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, படியைக் காலால் தடவித் தடவி இறங்கிப் போனாய். மழையில் வழுக்கும் என்று பார்த்து இறங்குகிறாய் என நினைத்தேன்.

கார்த்திகை பிறந்ததும் படுத்துவிட்டாய். சுகர் முற்றிக் கிட்னியைப் பிடித்துவிட்டது என்று பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வந்தபோது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. என் குரலைக் கேட்ட பிறகுதான் முகத்தைத் திருப்பினாய். அஞ்சலை விசாரித்தாள் என்றேன், அடுத்த வருஷம் அளம் சீக்கிரம் தொடங்குமாம் என்றேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

“அந்தப் பச்ச புக்குக் கதையச் சொல்லுடி.”

என்னிடம் என்ன இருந்தது சொல்ல? “மொதல்ல எழுந்து வீட்டுக்கு வா, ஒக்காந்து சொல்றேன். இங்க பேசுனா நர்ஸம்மா திட்டுவாங்க” என்றேன். நீ கையை விட்டுவிட்டாய். மூன்றாம் நாள் ஃபோன் வந்தது.

காரியம் முடிந்த மறுவாரம் ரேவதி உன் புத்தகங்களையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். மேலே அந்தப் பச்சை அட்டை.

“அம்மாவுக்கு ஒரு கண்ணு சுத்தமா போயிடுச்சாம், சின்னம்மா. இன்னொன்னுல நெழலு மட்டும்தானாம். ஒரு வருஷமாவே கொஞ்சங் கொஞ்சமா போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அளத்துல வேலைய விட்டு நிறுத்திடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. நான் வேற ஃபோன் பண்றப்பல்லாம் புக்க படிச்சியாமா, படிச்சியாமான்னு உசுர எடுத்தேன்.”

நான் ஊசியில் நூல் கோப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஆஸ்பத்திரிலதான் சொன்னாங்க. ‘கோச்சுக்காத, எழுத்து தெரியல. டெய்லருகிட்ட குடுத்தேன், ஒரே மூச்சுல முடிச்சுட்டாளாம், அவ்ளோ நல்ல புக்காம். அவ வந்து கதையச் சொல்லுவா’ன்னு. சொன்னீங்களா சின்னம்மா?”

“சொன்னேம்மா” என்றேன். “முழுசா சொன்னேன்.”

அந்தப் பெண் முகத்தில் அப்படியொரு நிம்மதி. “அப்ப சரி” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் பொய்யை உன்னிடம் சொன்னேன், இரண்டாவதை உன் மகளிடம். அவளிடம் உண்மையைச் சொல்ல இன்றுவரை எனக்குத் துணிவில்லை. அவளுக்காக மறைக்கிறேனா, எனக்காகவா என்பதும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்களுக்குப் புத்தகம் கொடுக்கிறேன். திரும்பக் கொண்டுவருகிறவளைப் படித்தாயா என்று கேட்பதில்லை. “படிக்கலன்னா படிக்கலன்னு சொல்லு, தப்பே இல்ல” என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு காலேஜ் பெண் அதைக் கேட்டு விழித்தாள். அவளுக்கு எப்படி விளக்குவது?

பச்சைப் புத்தகத்தை ஒரு வருஷம் தொடவில்லை. நேற்று அழுது முடித்த பிறகு எடுத்தேன். பகல் முழுக்க மிஷினில் உட்காரவில்லை. உன் கை அதில் அதிகம் படவில்லை. பக்கங்கள் உலர்ந்தே இருந்தன.

கேட்டுக்கொள். வீட்டைவிட்டுப் போன அக்காவைத் தேடி ஒரு தங்கை ஊர் ஊராக அலைகிறாள். எட்டு ஊர். அக்கா தங்கியிருந்த வீடுகள், வேலை பார்த்த இடங்கள், அவளைத் தெரிந்தவர்கள். ஒவ்வொருவரும் வேறொரு அக்காவைச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு ஊரில், அக்கா விட்டுப்போன செருப்பைத் தங்கை போட்டுப் பார்க்கிறாள். நான் அங்கேதான் நிறுத்தினேன், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கடைசியில் கண்டுபிடித்துவிடுகிறாள். எதிர்வரிசையில் நின்று, அக்கா வாசலில் துணி உலர்த்துவதைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, கூப்பிடாமலே பஸ் ஏறிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை.

நீ இருந்திருந்தால் குதித்திருப்பாய். “அவ்ளோ தூரம் போயி ஒரு வார்த்த பேசாம வருவாளா? அறிவிருக்குதா அவளுக்கு?” என்று கடை அதிரக் கத்தியிருப்பாய். போன வருஷம் என்றால் நான் தங்கை பக்கம் பேசியிருப்பேன். அவளுக்கு என்ன சங்கடமோ, சில நேரம் வாய் வராதுடி என்று உன்னோடு மல்லுக்கு நின்றிருப்பேன்.

இப்போது நான் உன் பக்கம். கூப்பிட்டிருக்க வேண்டும் அவள்.