மணி அடிக்கக் கூடாத கோபுரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் அப்பா சுகம். நானும் இருக்கிறேன்.

என் ஆபரேஷனுக்கு லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். அப்பா கண்ணில் பட்டிருந்தால் கதை கந்தல்.

நம் மாதா கோயில் முதலில் வெறும் தகரக் கொட்டகை. சுற்றிலும் வீடுகள் பெருகப் பெருக நடுக்கூடம், பக்க வளைவுகள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் வந்தன. கோபுரத்தை இரண்டு அடுக்கோடு விட்டிருக்கலாம். பக்கத்துப் பங்குக் கோயிலில் நம்மைவிட உயரமாகக் கட்டிவிட்டார்கள் என்று நம் ஆட்களுக்கு வயிற்றெரிச்சல். பழைய அஸ்திவாரத்தின் மேலேயே மூன்றாவது அடுக்கை ஏற்றி, மணியை அங்கே தொங்கவிட்டார்கள். இப்போது கோபுரமே முன்பக்கமாகச் சாய்கிறது. பாடகர் மாடத்துச் சுவரில் என் கை நுழையும் அளவுக்கு விரிசல். பார்க்க வந்த இன்ஜினியர், "மணிய மட்டும் அடிச்சிடாதீங்க, அந்த அதிர்வே போதும்" என்றார். பூசை பள்ளிக்கூட வராந்தாவுக்குப் போய்விட்டது. இடிக்க ஆயர் இல்லம் சம்மதித்தும் நகராட்சி இழுத்தடிக்கிறது. மணியை இறக்க எந்த ஆளும் மேலே ஏற மாட்டேன் என்கிறான்.

இத்தனை வருஷம் அந்த மணியை அடித்த அப்பாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. வெளியூர் போன பிள்ளை திரும்பி வந்தால் மூன்று தடவை மணி அடிப்பது நம் பங்கின் வழக்கமாயிற்றே. நீயோ போனதிலிருந்து வரவே இல்லை. "ஊரான் புள்ளைக்கெல்லாம் அடிச்ச கை இது. என் மக வர்றப்ப சும்மா இருக்குமா?" என்கிறார். சாமியார் கோபுரச் சாவியைக் கேட்டபோது அப்பா சிரித்துக்கொண்டே கொடுத்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? இன்னொரு சாவி வைத்திருக்கிறார். மணிக் கயிற்றை அறுத்தோம். "மேல ஏறிக் கையால அடிப்பேன்" என்கிறார். பிடிவாதத்தில் நீ அவரைக் கொண்டுதான் பிறந்திருக்கிறாய்.

நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். கட்டிலருகே இருக்கப்போவது அவர்தானே. உன் முகத்தைப் பார்த்ததும் கோபுரத்துக்கு எழுந்து ஓடுவார்.

டாக்டர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, ரொம்ப. இருந்தாலும் லீவு கிடைக்கவில்லை என்று அப்பாவுக்குத் தனியாக எழுதிவிடு. திட்டுவார். உயிரோடு இருந்து திட்டட்டும்.

ஆண்டவர் உன் வாசற்படியைக் காக்கட்டும். வராதே கண்ணு. எனக்கு ஏதாவது என்று சேதி வந்தாலும் வராதே.

இப்படிக்கு,
உன் அம்மா