பாட்டுத் தடை ரத்து

மார்ச் 4
அகராதி அலுவலகத்தில் இன்று ‘ரிசிண்ட்’ (rescind) என்ற ஆங்கிலச் சொல் என் பங்குக்கு வந்தது. போட்ட உத்தரவை, எடுத்த முடிவை முறைப்படி ரத்து செய்வது. லத்தீன் வேரில் ‘வெட்டுதல்’ இருக்கிறது. ஆசிரியர் இரண்டு உதாரண வாக்கியம் கேட்கிறார்.

வீடு திரும்பினால் மயான அமைதி. இவர் பாடி இன்றோடு இருபது நாள்.

மார்ச் 5
நடந்ததை எழுதியே விடுகிறேன். அன்று எனக்கு அச்சுக்கு அனுப்பும் அவசரம். கூடத்தில் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும். இவர் சவரம் செய்துகொண்டே ஒரு பாட்டை இழுத்தார். “இந்த வீட்ல இனிமே யாரும் பாடக் கூடாது! உங்க குரலைக் கேட்டாலே தலைவலி வருது”ன்னு சமையலறையிலிருந்து கத்திட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். இவரும்தான். அதோடு பாட்டு நின்றது. வாய்க்கொழுப்பு எனக்கு, வேறென்ன?

மார்ச் 6
“என்னங்க, பாடுங்களேன்” என்றேன். “உத்தரவு இன்னும் அமல்ல இருக்கே” என்கிறார்! பேருந்துப் பணிமனையில் அறிவிப்புப் பலகை இவர் பொறுப்பு. போட்டவரே கையெழுத்திட்டு ரத்து செய்தால்தான் பழைய தாளைக் கழற்றுவாராம். நானா விடுவேன்?

மார்ச் 7
‘பிப்ரவரி 12 அன்று சமையலறையிலிருந்து பிறப்பிக்கப்பட்ட பாட்டுத் தடை இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது.’ கையெழுத்துப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கண்ணாடி மாட்டி இரண்டு முறை படித்தார். ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் போட்டார். பாடவில்லை.

மார்ச் 8
இல்லை.

மார்ச் 10
‘ரிசிண்ட்’டுக்கு நான் எழுதிக் கொடுத்த அட்டையை ஆசிரியர் திருப்பித் தந்துவிட்டார். மனம் புண்படப் பேசியதை ஒருவர் ‘ரிசிண்ட்’ செய்ததாக உதாரணம் எழுதியிருந்தேன். “உத்தரவு, ஒப்பந்தம், தீர்மானம், இதுக்குத்தாம்மா இந்தச் சொல். வாய்க்கு வந்தபடி பேசினதுக்கெல்லாம் வராது” என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டேன். தடையை நீக்கினேன், சரி. தலைவலின்னு சொன்னேனே — அதை எந்தத் தாளில் நீக்குவது?

சாயங்காலம் இவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “உங்க பாட்டு இல்லாம வீடு நல்லாவே இல்லை. நாலு பேர் முன்னால அப்படிச் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க.”

சட்டைக் காலரையே நீவிக்கொண்டிருந்தார். “எனக்குச் சுருதி சேராதுன்னு தெரியும். நீ கேக்குறேன்னு நினைச்சுத்தான் பாடுவேன்” என்றார். பாவி மனுஷன், அழ வைத்துவிட்டார்.

மார்ச் 12
காலை ஏழேகால். குளியலறையிலிருந்து முதல் அடி, சுருதி எங்கேயோ போகிறது. கதவுக்கு வெளியே நின்று இரண்டாம் அடியை நான் எடுத்தேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“இன்னொரு தடவை பாடு” என்றார்.

அலுவலகத்துக்கு அரை மணி நேரம் தாமதம்.