ஆறாம் நம்பர் வீட்டு ஆணி

அக்கா,

கொல்லையில் பானைக்குள் சுண்ணாம்பு வெந்துகொண்டிருக்கிறது. பொங்கலுக்கு இன்னும் நாலு நாள். தண்ணீர் ஊற்றியதும் புஸ்ஸென்று கிளம்பிய ஆவி மூக்கில் ஏறியதுமே நீங்கள் வந்துவிட்டீர்கள். உங்கள் படம் அதற்குப் பிறகுதான் வந்தது. சட்டம் போட்டு, பழைய சேலைத் துணியில் சுற்றி, ஒட்டன்சத்திரத்து லாரிக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள், பாட்டி வீட்டிலேயே வளர்ந்த உங்கள் மகள். கூடவே ஒரு சீட்டு: "அம்மா போய் நாப்பது நாளாச்சு சித்தி. ஒங்க வீட்டுல ஒரு படம் இருக்கணும்னு சொல்லிட்டுப் போச்சு."

நீங்கள் சொல்லியிருப்பீர்கள். என்னைப் பழிவாங்க இதைவிட நல்ல வழி உங்களுக்கும் கிடைத்திருக்காது.

திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, சிறுமலையைப் பார்த்தபடி வரிசையாக எட்டு வீடுகள். பட்டாளத்து லைன் என்பார்கள். வீட்டுக்காரர்கள் எல்லாம் எங்கோ பனியில் நிற்க, நாம் இங்கே அரசாங்கத்து ஓட்டுக்கும் குழாய்க்கும் காவல் நின்றோம். ஐந்தாம் நம்பரில் நான், ஆறில் நீங்கள். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்குமே ஒரு பட்டியல்: ஜன்னல் கண்ணாடி எட்டு, பல்பு மூன்று, குழாய் ஒன்று, கொடிக்கம்பி ஒன்று. அடியில் கொட்டை எழுத்தில், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. என் வீட்டில் அந்தப் பட்டியலின் மேல்தான் பால் கணக்கைக் கிறுக்கினேன். கண்ணாடி எட்டில் இரண்டு, நான் சமையல் செய்த அழகைத் தாங்காமல் தாமாகவே விரிசல் விட்டிருந்தன. மூன்றாம் நம்பர் வீட்டம்மாள் சந்தேகப்பட்டு அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனதும், அதை நான் லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்ததும் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் வீடு அப்படியில்லை. சாம்பலும் பழைய பேப்பரும் கொண்டு கண்ணாடி துடைப்பீர்கள். ஜன்னல் கம்பிக்குத் தேங்காயெண்ணெய் தடவுவீர்கள். ஓட்டின்மேல் காக்காய் உட்கார்ந்தால்கூட வாசலில் நின்று அதட்டுவீர்கள். "ஏன்க்கா, இது என்ன ஒங்க மாமியா குடுத்த சீரா?" என்று மதில்மேல் தொங்கிக்கொண்டு கேட்டேன் ஒருநாள்.

"போடி சோம்பேறி. அவரு வந்து பாக்கையில அவரு விட்டுட்டுப் போனமேனிக்கு இருக்கணும்."

அப்போது அது வெறும் பேச்சு. சீனாக்காரனோடு சண்டை முடிந்த பிறகு அது வெறும் பேச்சாக இல்லை.

உங்கள் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன், இறந்துவிட்டார் என்று தந்தியில் இல்லை. காணவில்லை என்று இருந்தது. இறந்ததாகத் தந்தி வந்த மற்றவர்கள் அழுது முடித்துவிட்டு எழுந்தார்கள். உங்களுக்கு அழக்கூட அனுமதி இல்லை. ஆபீஸ் குமாஸ்தா சொன்னது ஒன்றுதான்: "காணலைன்னா ஆளு இன்னும் சர்வீசுலதாம்மா. வீடு ஒங்களுக்குத்தான். செக்கிங்குக்கு வர்ற ஐயா நல்லபடியா எழுதிட்டுப் போகணும், அம்புட்டுத்தான்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள். ஆறாம் நம்பர் உங்கள் கையில் இருக்கும்வரை அவர் உயிரோடு இருக்கிறார். வீடு போனால் அவரும் போனார். அந்த வருஷம் நீங்கள் சுவரைத் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சல்காரனின் நெற்றியைத் துடைப்பதுபோல் துடைப்பீர்கள். ஒரு ஓடு விரிசல் விட்டதற்கு மூன்று நாள் சாப்பிடவில்லை. "வெஞ்சனம் கொண்டாந்திருக்கேன், ஒரு வாய் தின்னுங்கக்கா" என்று நின்றால், "ஒழுகுதாடி? நல்லாப் பாரு, ஒழுகுதா?" என்று கூரையையே காட்டினீர்கள்.

செக்கிங் நாள் வந்தது. விடிந்ததும் நீங்கள் நல்ல தண்ணீருக்குத் தெருக்குழாய்க்குப் போனீர்கள். "செத்த நேரம் வீட்டைப் பாத்துக்க. எதையும் தொட்டுறாத" என்றீர்கள். என்னிடம் போய் அப்படிச் சொல்லலாமா அக்கா? உங்கள் முன்னறை துடைத்துத் துடைத்து மொட்டையாகக் கிடந்தது. வருகிறவர் மனசு இளகவேண்டுமே என்று எனக்கு யோசனை ஓடியது. உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, யூனிபாரத்தோடு அண்ணன் சிரிக்கும் படத்தை எடுத்தேன். என் வீட்டிலிருந்து ஒரு ஆணி கொண்டுவந்து, அம்மிக் குழவியால் நாலு தட்டு. சட்டத்துக்கு விரோதம்தான். ஆனாலும் படம் மறைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். என் வீட்டு வாசல் நிலைக்கும் முருகன் படத்துக்கும் போட்டது போக ஒன்றரை முழம் சம்பங்கி கையில் மிச்சமிருந்தது. என்ன நினைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதையும் அண்ணன் படத்துக்குப் போட்டுவிட்டு, தள்ளி நின்று அழகு பார்த்தேன்.

சுபேதார் ஐயா உள்ளே வந்தார். பட்டியலைப் பார்க்கவில்லை, கண்ணாடியை எண்ணவில்லை. படத்துக்கு முன்னால் நின்று தொப்பியைச் சரிசெய்து சல்யூட் அடித்தார்.

"எப்பம்மா தகவல் வந்துச்சு?" என்றார் என்னைப் பார்த்து.

ஆணி அடித்த அம்மிக் குழவியை நான் காலால் மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைத் திறந்து தாளில் எழுதத் தொடங்கினார். இடுப்பில் குடத்தோடு நீங்கள் வாசலில் நின்றீர்கள்.

குடத்தை நீங்கள் போட்டு உடைக்கவில்லை. தரை கெட்டுவிடும் என்று மெதுவாகத்தான் இறக்கி வைத்தீர்கள். நேரே போய் மாலையைக் கழற்றிக் கைக்குள் சுருட்டிக்கொண்டீர்கள்.

"அவரு இருக்காருங்கய்யா. காணாமத்தான் போயிருக்காரு. இவ கிறுக்குச் சிறுக்கி, தெரியாமப் போட்டுட்டா. அழிச்சிருங்கய்யா. கண்ணாடி எட்டும் இருக்கு, எண்ணிப் பாருங்க. குழாயத் திருகிப் பாருங்க, ஒரு சொட்டு ஒழுகாது."

அவர் நல்ல மனிதர். எழுதிய வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே வேறு எழுதினார். ஆனாலும் அடியில் இருந்த மை தெரிந்தது. ஜீப் கிளம்பிய பிறகு, ஒற்றைச் செருப்போடு மெயின் ரோடு வரைக்கும் "வேற தாளுல எழுதுங்கய்யா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். என் உடம்பை வைத்துக்கொண்டு ஓடினேன் என்றால் நினைத்துப் பாருங்கள். ஜீப் நிற்கவில்லை.

திரும்பி வந்து உங்கள் காலில் விழுந்தேன். நீங்கள் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "ஒங் கைக்கு மொதல்லயே தெரிஞ்சுபோச்சுடி. எனக்குத்தான் இன்னும் தெரியல" என்றீர்கள். பிறகு துடைப்பத்தை எடுத்து, உதிர்ந்துகிடந்த பூவைக் கூட்டினீர்கள்.

மூன்று மாதத்தில் காகிதம் வந்தது. இறந்துவிட்டதாக முடிவு செய்யப்பட்டது. மாதக் கடைசிக்குள் வீட்டை ஒப்படைக்கவும். ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு குமாஸ்தாவிடம் போய் நின்றேன். "அது மேலேருந்து வந்ததும்மா. இங்க எழுதுனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று சத்தியம் செய்தார். பழத்தையும் வாங்கிக்கொண்டார். அவர் சொன்னதை நம்ப இந்த ஐந்து வருஷமாக முயன்றுகொண்டிருக்கிறேன். பகலில் பாதி நம்பிவிடுவேன்.

போகிற அன்று காலையில் சுண்ணாம்பு நீற்றினீர்கள். போகிற வீட்டுக்கு எந்தப் பைத்தியமாவது வெள்ளையடிக்குமா என்று லைனே வேடிக்கை பார்த்தது. நானும் ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சுவரில் நின்றேன். கடைசியில் நீங்களாகத்தான் சொன்னீர்கள்.

"அடுத்து வர்றவ வீட்டுக்காரரு உசுரோட இருப்பாருல்ல. அவரு லீவுல வருவாரு. வீடு நல்லா இருக்கணும்டி."

பிறகு ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் சுண்ணாம்பைக் குழைத்துப் பெருவிரலால் அப்பினீர்கள். வந்து எண்ணியவர்கள் ஒரு குறையும் எழுதவில்லை. வண்டி ஏறும்போது என் உள்ளங்கையை விரித்து ஆணியை வைத்தீர்கள்.

"இந்தா, ஒன் பொருளு. இது லிஸ்ட்டுல இல்ல."

அந்த ஆணி இன்னும் என்னிடம் கடுகு டப்பாவுக்குள் கிடக்கிறது. தாளிக்கும்போது சில நாள் கரண்டியில் தட்டுப்படும். இந்த வீடு சொந்த வீடு அக்கா. செக்கிங் கிடையாது, பட்டியல் கிடையாது, நூறு ஆணி அடித்தாலும் கேட்பாரில்லை. வெள்ளையடித்துக் காய்ந்ததும் உங்களை மாட்டவேண்டும். அம்மிக் குழவி வாசலில்தான் இருக்கிறது. பூக்காரி இப்போதுதான் கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

உங்களை இப்போதைக்கு அரிசிப் பானைமேல் சாய்த்து வைத்திருக்கிறேன். பூ வாங்கவில்லை.