கொக்கு பறந்த கம்ப்யூட்டர்

மார்ச் 4, செவ்வாய்

கம்ப்யூட்டர் மறுபடியும் படுத்துவிட்டது. முன்னறையில் நானும் அண்ணியும் நடத்தும் எம்பிராய்டரி கடைக்கு மூளையே அதுதான். சிஸ்டத்தின் புதிய பதிப்பைப் போடலாமென்றால், ‘இந்தக் கணினிக்கு ஏற்றதல்ல’ என்கிறது திரை. டிசைன் வரையும் மென்பொருளோ புதிய பதிப்பில்தான் இனி ஓடுமாம்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “புதுசு வாங்கிடுங்க மேடம்.” அதன் விலையோடு மென்பொருள் சந்தாவையும் சேர்த்தால் எங்கள் அரை வருட வருமானம். கேட்டதும் அண்ணி சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

மார்ச் 5, புதன்

பெண்கள் வாலிபால் அணியின் பயிற்சியாளர் ஒரு மூட்டைச் சட்டைகளோடு வந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும்; அதனால் எங்களுக்கு அவர் விசில் அக்கா. ஒவ்வொரு சட்டையிலும் பறக்கும் கொக்கு வேண்டுமாம். மாதக் கடைசியில் போட்டி.

“முடியுமா? இல்லன்னா சொல்லிடுங்க, ஃபேக்டரில குடுத்துடறேன்.”

“முடியும்” என்றது யார்? என் வாய்தான்.

அவர் படியிறங்கியதுதான் தாமதம், அண்ணி பிடித்துக்கொண்டாள். “எதை வெச்சு முடியும்? கொக்கை நீ வாயாலயே வரைஞ்சிடுவியா?”

மார்ச் 7, வெள்ளி

இப்போதைய சிஸ்டத்துக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் பற்றி நாள் முழுக்கப் படித்தேன். இலவசம். பழைய கணினியிலும் ஓடும். அதில் எம்பிராய்டரி வரையவும் இலவச மென்பொருள் இருக்கிறது. எங்கள் மிஷின் கேட்கும் வகையிலேயே கோப்பைக் கொடுக்குமாம்.

“ஓசியில வர்றது உருப்படியா இருக்குமா?” என்றாள் அண்ணி. வேறு வழி தெரியவில்லை.

மார்ச் 8, சனி

பழைய டிசைன்களையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பத்திரப்படுத்தினேன். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. பிறகு, ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவு’ என்ற பொத்தான். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ!

அழுத்திவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

ஓடுகிறது! கூடவே வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டேன். மொத்தச் செலவே அவ்வளவுதான். முன்பெல்லாம் ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். இன்று நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை தயார்.

மார்ச் 13, வியாழன்

முதல் கொக்கைத் தைத்தோம். நூல் சிக்கி, துணி சுருங்கி — ஐயோ.

“இது கொக்கா? கோழிய உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு” என்றாள் அண்ணி.

எனக்கெதுக்கு இந்த வேலை? யாரு கேட்டா? இருந்ததையும் அழிச்சுட்டு இப்ப நடுத்தெருவுல நிக்கறேனே...

மார்ச் 14, வெள்ளி

இன்னும் கோழிதான்.

மார்ச் 17, திங்கள்

அண்ணி ஒரு சட்டையை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினாள். “பாரு, எப்படி நீளுதுன்னு. நீ காட்டன்னு நெனச்சு வரைஞ்சிருக்க.”

அதானே! நீளும் துணியை முதலில் அடியில் ஒரு லேசான தையல் போட்டு இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கான வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. நான்தான் அணைத்து வைத்திருந்தேன். சிறகின் தையல்களையும் கொஞ்சம் தளர்த்தினேன்.

மார்ச் 18, செவ்வாய்

கொக்கு! கொக்கேதான்! ஊசி இறகு இறகாக ஏறி வர, நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அலகு முடிந்து மிஷின் நின்றதும் அண்ணி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, “யாருக்காவது அடிபட்டுடுச்சா?” என்று கேட்டார்.

மார்ச் 29, சனி

அண்ணியும் நானும் மைதானத்தில் முதல் வரிசை. வலைக்கு மேலே கொக்குகள் எம்பி எம்பிப் பறந்தன. கடைசி செட்டில் விசில் அக்காவின் அணி தோற்றுவிட்டது, பாவம். ஆனால் ஜெயித்த அணியின் மேலாளர் எங்களைத் தேடி வந்தார். “அந்தக் கொக்கு நீங்க போட்டதா? எங்களுக்கு ஒரு புலி வேணுமே.”

வரும் வழியெல்லாம் அண்ணியின் முகம் சிரித்துக்கொண்டே வந்தது.

ஏப்ரல் 9, புதன்

புலி முடிந்து, இப்போது பள்ளிப் பைகளுக்குப் படகு. டீ போட்டுக்கொண்டு வந்தால், என் நாற்காலியில் அண்ணி. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருக்கிறது. திரையில் நான் வரைந்த படகுதான், பாய் மட்டும் வேறு.

“வளைவு சரியில்ல, மாத்திட்டிருக்கேன். டீயை அங்க வெச்சிட்டு நகரு, வெளிச்சம் மறைக்குது.”

நான் போய் அண்ணியின் கத்தரியை எடுத்துத் துணி வெட்டினேன்.