மாரிச்சாமி படத்துக்கு ஆணி

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. பட்டாசுக் கம்பெனிகளுக்கு சீசன், விடிந்ததும் தெரு காலி.

எதிர் வீட்டில் வெள்ளையடிப்பு. ஞாயிறன்று தங்கராஜின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெம்பக்கோட்டைக்காரர், அவரும் பட்டாசு முதலாளி.

அதற்குள் எனக்கும் ஒரு வேலை. மாரிச்சாமியின் படம், மூன்றடிக்கு நான்கடி, கேன்வாஸ் துணியில் அச்சாகி வந்துவிட்டது. அதற்கு மரச்சட்டம். பிறகு என் காம்பவுண்டுச் சுவரில், தங்கராஜின் வாசலுக்கு நேர் எதிரே. சுவர் என்னுடையது.

சென்ற ஆண்டு தங்கராஜின் ஷெட் வெடித்தபோது உள்ளே இருந்து இறந்தவன் மாரிச்சாமி. பதினோரு வருடம் அங்கேயே பட்டாசு மருந்து கலந்தவன். "அவன் எங்க ஆளே இல்ல. யாரையோ பாக்க வந்தவன்" என்று போலீசிடம் சொன்னார் தங்கராஜ். அப்போது நிருபராக இருந்த நான் உண்மையை எழுதிக் கொடுத்தேன். பத்திரிகையில் வரவில்லை. இப்போது ஓய்வு. எதை வெட்டவும் மேலே ஆள் கிடையாது.

படம் தந்தது அவன் மனைவி செல்வி, பக்கத்து வீடு. "எங்க ஆளுன்னு அந்த வாயி ஒரு தடவை சொல்லணும்ணே. அம்புட்டுத்தான்."

ஆசாரி வரவில்லை. தங்கராஜ் வீட்டில் கட்டில் வேலையாம். சரி, நானே.

ஆகஸ்ட் 20, புதன்

பஜார். ஹார்டுவேர் கடை.

"என்ன சார், பேனாவை மூடிட்டு ரம்பத்தை எடுத்துட்டீகளா?"

துணியைச் சட்டத்தில் இழுத்து அடிக்க ஸ்டேப்ளர் கன். கையால் அழுத்துவது போதும். ஸ்டேப்ளர் பின் எட்டு மில்லிமீட்டர். அதைவிட நீளம் என்றால் முழுதாக இறங்காது, தூக்கி நிற்கும்.

சட்டத்தின் மூலைகளுக்கு பிராட் நெய்லர். மெல்லிய ஆணியைச் சுடும், மரம் பிளக்காது. பேட்டரியில் ஓடுவது ஒன்று, காற்றில் ஓடுவது ஒன்று. காற்று என்றால் கம்ப்ரஸர் வேண்டும், வாடகைக்குக் கிடைக்கிறது.

"எதுல சத்தம் அதிகம்?"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எதுல கம்மின்னுதான் சார் எல்லாரும் கேப்பாக."

காற்றில் ஓடுவதையே எடுத்தேன். ஒவ்வொரு ஆணியும் தங்கராஜ் காதில் இறங்கட்டும்.

என் மனைவி ஜெயா: "பழிவாங்குறதுக்காக மரவேலை பழகுற ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தருதான்." காபி மட்டும் வந்தது. சர்க்கரை இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வெயில். பிற்பகல் முதல் ஆணி. நினைத்ததைவிடப் பெரிய சத்தம். தங்கராஜ் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடிவந்தார். கையில் போன். விஸ்வநத்தம் பக்கம் பார்க்கிறார், புகை தெரிகிறதா என்று. அவர் கம்பெனி அங்கேதான். ரசித்தேன். இரண்டாவது ஆணி. மூன்றாவது.

கேட்டில் செல்வி. கையில் பசை, வீட்டில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். மூச்சு இரைக்கிறது.

"எங்கணே? எந்தப் பக்கம்?"

"இங்கதாம்மா. ஆணி."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெயா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னாள்:

"தங்கராசு ஓடியாந்ததைப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அவுக படத்தை, அவுகளைக் கொன்ன சத்தத்துலயா செய்வீக?"

கம்ப்ரஸரை அணைத்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

பிராட் நெய்லர், கம்ப்ரஸர், இரண்டும் திரும்பக் கடைக்கு.

"ஏன் சார், சத்தம் பத்தலையா?"

நெய்லருக்குப் பதிலாக எட்டு ஸ்குரூ, ஒரு திருப்புளி. துளை போட்டுக் கையாலேயே முறுக்கினேன். ஒரு மூலை கொஞ்சம் கோணல். மணிக்கட்டில் வலி.

துணியை நான் இழுத்துப் பிடிக்க, ஸ்டேப்ளர் கன்னைச் செல்வி வாங்கிக்கொண்டாள். டக். இன்னொரு டக்.

"இது போதும்ணே. எதுத்த வீட்டுக்குக் கேக்காது."

"நாளைக்குத் தெரியும்."

சிரித்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெளிறிய வானம். விடியுமுன் மாட்டியாயிற்று. படத்துக்குக் கீழே பெயர், அதற்கும் கீழே 'மருந்துக் கலவை'. கம்பெனி பெயர் இல்லை. செல்வி சம்பங்கி மாலை போட்டாள்.

தங்கராஜ் வந்தார். புது வேட்டி.

"அண்ணாச்சி, நல்ல காரியம். இன்னைக்கு ஒரு நாளு எறக்கி வைங்க."

"யாரையோ பாக்க வந்தவன் படம். உங்களுக்கு என்ன?"

போய்விட்டார்.

இரண்டு கார். மாப்பிள்ளையின் அப்பா இறங்கியதும் மாலையைப் பார்த்தார். செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு கீழே இருந்ததைப் படித்தார்.

"கலவை ஆளா? யாரு கம்பெனி?"

மாரிச்சாமி எங்கே வேலை பார்த்தான் என்று தெரிந்த தெருவே வாசலில் நிற்கிறது. செல்வியும். தங்கராஜ் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"நம்ம... நம்ம கம்பெனிதான்."

"எம்புட்டு வருசம்?"

"பதினொண்ணு."

சரியாகச் சொன்னார். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மாலையில் தங்கராஜ் வீட்டு டிரைவர் வந்தார். படத்தை எப்போது எடுப்பீர்கள் என்று முதலாளி கேட்கச் சொன்னாராம். நான் வாய் திறக்குமுன் செல்வி:

"இங்கன சொன்னதைப் போலீஸ் ஸ்டேஷன்லயும் வந்து சொல்லச் சொல்லுங்க. அதுவரைக்கும் அவுக, மொதலாளி வாசலைப் பாத்த மாதிரியே இருப்பாக."